நிழலிடம் ஒப்படைத்த வீடு

அவள் வீட்டுக்குள் நுழைந்து கைப்பையை நாற்காலியில் போட்டபோது, சிட்டுவின் தலைமுடி ஏற்கெனவே பின்னி முடிந்திருந்தது.

காலையில் அவசரத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி அனுப்பிய தலை. இப்போது நெற்றியோரத்திலிருந்து மெல்லிய இரண்டு பின்னல்கள் புறப்பட்டு, பக்கவாட்டில் வளைந்து, காதுகளுக்கு மேல் சங்குபோலச் சுருண்டு நின்றன. ஒரு முடிகூடப் பிசிறவில்லை. அந்தப் பின்னலை அவளுக்கு நன்றாகவே தெரியும். மிகப் பழைய சுடுமண் பொம்மை ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்து, தன் சித்திர நாவலின் நாயகிக்காக அதை வரைந்து வரைந்து அழித்தவள் அவள்தான். காகிதத்தில் வந்தது. கையால் போட்டுப் பார்த்தபோது வரவே இல்லை.

"யாருடி பின்னிவிட்டது?"

"நீதான்." வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கிய சிட்டு, இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். "வலிக்காம பின்னினியே."

குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே கணவர் வந்தார். மருந்துக் கடையில் காலை ஷிஃப்ட் அவருக்கு. சிட்டுவைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, இவள் வரும்வரை பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

"என்னைப் பார்க்காதே. எனக்கு மாத்திரை அட்டையைக் கத்தரிக்கத்தான் தெரியும். ஓவியரம்மா கைவேலைக்கெல்லாம் நான் போட்டிக்கு வர முடியுமா?" என்றவர் மகளின் தலையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "வந்ததும் அசந்து தூங்கிட்டேன். அவளே கண்ணாடியைப் பார்த்துப் போட்டுக்கிட்டாளோ என்னவோ."

இருக்கலாம் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் சிட்டுவைப் படுக்கவைத்துக் குனிந்து முத்தமிட்டபோது, கூந்தலில் ஷாம்பு வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது. வெகுநாள் திறக்காத அறையின் சுவரில் முகம் வைத்தால் வருமே, குளிர்ந்த சுண்ணாம்பு வாசனை, அது.

சில மாதங்களாகவே அவள் உடம்பு வீட்டிலும் மனசு எங்கோ ஒரு யுகத்திலுமாக இருந்தது. ஒரு பதிப்பகத்துக்காக சஞ்ஞாவின் கதையை வரைந்துகொண்டிருந்தாள். சூரியனின் மனைவி சஞ்ஞா. அவனுடைய வெப்பத்தைத் தாங்க முடியாமல் ஒருநாள் தன் நிழலையே தன்னைப்போல் ஒரு பெண்ணாக்கி, வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள், நான் போனதை யாரிடமும் சொல்லாதே என்று ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அந்த நிழல்தான் சாயா. சாயா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள். கணவனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தனக்கென்று பிள்ளை பிறந்த பிறகுதான், மூத்த பிள்ளைகள் மேல் அவளுக்கிருந்த பாசம் வற்றிப்போகிறது.

கதை சின்னது. வரைவதற்குத்தான் ஆயிரம் சந்தேகம். அந்தக் காலத்துப் பெண்கள் எதை உடுத்தினார்கள், எதில் தண்ணீர் குடித்தார்கள், தேர்ச் சக்கரம் எப்படி இருந்தது என்று பழைய சிற்பங்களின் புகைப்படங்களையும் அகழாய்வு அறிக்கைகளையும் தேடி நூலகத்திலேயே கிடந்தாள். பதிப்பாசிரியர் அக்கா பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள்.

"ஏம்மா, சஞ்ஞாவுக்கு ரவிக்கை போட்டுட்டே. அவ்வளவு கச்சிதமா யாரு தைச்சுக் குடுத்தா?"

"அதைத்தான்க்கா பார்க்கப் போறேன்."

"போ, போ. போன தடவை தேர்ச் சக்கரம் பார்க்கப் போனவ திரும்பி வர்றதுக்குள்ள சூரியனே ரிட்டயர் ஆகியிருப்பார்." சிரித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள். "அது சரி, சஞ்ஞா திரும்பி வந்துடறா. சாயா எங்க போனா?"

"தெரியலைக்கா. தேடின எதுலயும் அதைப் பத்திப் பேச்சே இல்லை."

"அப்ப எங்கேயும் போகலை போல" என்றாள் அக்கா, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே.

நூலகத்துக்கு அவள் ஓடியது ரவிக்கைக்காக அல்ல. அது அவளுக்கே தெரியும். போன வருடம் அவர்களுக்கு ஓர் ஆண்குழந்தை இறந்தே பிறந்தது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் கால்விரலை ஊன்றி நடப்பதுபோல இருந்தது. தம்பி ஏன் வரலை என்று சிட்டு கேட்பாள். கணவர் சாப்பாட்டு மேசையில், "அவன் இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார். அவள் உடனே எழுந்து சமையலறைக்குப் போய், எரியாத அடுப்பை அணைத்துவிட்டு நிற்பாள். ஒரு முறைகூட அவனைப் பற்றிப் பேசவில்லை. வாயைத் திறந்தால் நிற்காது என்ற பயம். அவருடைய துக்கத்துக்கு எதிரே உட்காருவது உச்சி வெயிலில் உட்காருவது போலிருந்தது. எழுந்து போய்விட மட்டுமே தெரிந்தது.

வரையும்முன் ஒவ்வொரு வசனத்தையும் வாய்விட்டுச் சொல்லி, முகமும் தோளும் எப்படி மாறுகின்றன என்று தன் உடம்பிலேயே பார்த்துக்கொள்வது அவள் பழக்கம். ராட்சசன் வந்தாலும் அவள்தான், ரிஷி வந்தாலும் அவள்தான். அப்படித்தான், சிட்டுவின் தலையில் அந்தப் பின்னலைப் பார்ப்பதற்குச் சில நாட்கள் முன்பு, வீட்டில் யாருமில்லாத ஒரு சாயங்காலம், படுக்கையறைச் சுவரில் மஞ்சள் வெயில் அவள் நிழலை முழுசாக வரைந்து காட்டியபோது, அதன் எதிரே நின்று சஞ்ஞாவின் வசனத்தைச் சொன்னாள். எழுதிவைத்த வசனம் ஒரு வரியில் முடிந்துவிடும். அவள் நிறுத்தவில்லை.

"என்னால முடியலை. நீ பார்த்துக்கோ. அவரைப் பார்த்துக்கோ, சிட்டுவைப் பார்த்துக்கோ. நான் போனதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே."

குரல் உடைந்தது. நடிப்பில் அது கிடையாது. சுவரில் நிழலின் தலை சரி என்பதுபோல அசைந்தது. தன் தலையும் அசைந்ததா என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

பின்னலுக்குப் பிறகு வேறு சிறு சிறு விஷயங்கள். மடிக்க மறந்து போட்டுவிட்டுப் போன துணிகள், அவள் மடிப்பதுபோலவே மூன்றாக மடிந்து அலமாரியில் இருந்தன. சிட்டுவின் சட்டையில் அறுந்திருந்த பொத்தான் தைத்திருந்தது. கணவர் பல் தேய்க்கும்போது முணுமுணுத்துப் பாடினார். கல்யாணமான புதிதில் கேட்டது. மனிதர் தேறி வருகிறார் என்று அவள் சந்தோஷப்பட்டாள். சந்தோஷத்தோடு, தன்னை யாரும் உதவிக்குக் கூப்பிடாத ஒரு சின்ன வலியும் இருந்தது.

வெளியில்தான் விநோதம். நூலகத்தில் அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே மதிய இடைவேளைக்கு விளக்குகள் அணைந்தன. "உள்ள யாருமில்லைன்னு நினைச்சுட்டேம்மா" என்று ஊழியர் சங்கடப்பட்டார். மறுநாளும் அணைந்தன. கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. பூட்டுச் சாவியைச் சுழற்றியபடி அவளைத் தாண்டிப் போனார், ஒரு நாற்காலியைத் தாண்டிப் போவதுபோல.

அவள் வெளியே ஓடிவந்து பேருந்து நிறுத்தத்தில் மூச்சு வாங்க நின்றாள். மத்தியான வெயில். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் காலடியிலும் நிழல் கறுப்பாக, குட்டையாக, மை கொட்டினதுபோலக் கிடந்தது. முன்னால் நின்ற பெரியவரின் தொப்பி நிழல். அவருக்குப் பின்னால் தள்ளுவண்டியின் சக்கர நிழல். நடுவில் அவள் செருப்பு இரண்டும் நின்றிருந்த இடத்தில் வெறும் சிமெண்டுத் தரை, வெயிலில் வெள்ளையாக.

காலைத் தூக்கிப் பார்த்தாள். கையை நீட்டிப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

வீட்டுக்குத்தான் போனாள். வேறு எங்கே போவாள். தரைத்தளத்து வீடு, தெருவைப் பார்த்த ஜன்னல். கேட்டைத் திறக்கும்போதே உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கணவருடையது. அதோடு கலந்து ஒரு பெண்ணின் சிரிப்பு, தொண்டைக்குள் உருண்டு கடைசியில் ஒரு விக்கலாக உடைகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை அடையாளம் காண அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. தன் சிரிப்பை அவள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

கதவைத் தள்ளினாள். கணவர் மட்டும் மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். ஒன்று காலி. இன்னொன்று விளிம்புவரை நிறைந்து, ஆடை படிந்து, தொடப்படாமல் இருந்தது. அறையில் குளிர்ந்த சுண்ணாம்பு வாசனை.

"உள்ள போனே, வெளியிலேர்ந்து வர்றே" என்றார். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் முகம் கழுவிவிட்டதுபோல லேசாக இருந்தது. அவள் கையைப் பிடித்தவர் சட்டென்று பார்த்தார். "என்ன இப்படிக் கொதிக்குது? இப்பதானே ஜில்லுனு இருந்துச்சு."

"என்ன பேசிட்டிருந்தோம்?" என்றாள் அவள். அப்படித்தான் கேட்க வந்தது.

"என்ன பேசினோமா? மறுபடி சொல்லச் சொல்றியா?" அவர் குரல் தழைந்தது. "அவனுக்கு என் மூக்குன்னு சொன்னியே. இடது காது கொஞ்சம் மடிஞ்சிருந்துச்சுன்னியே. நான் அன்னைக்குப் பார்க்கவே இல்லை, தைரியம் வரலை. ஒரு வருஷமா உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். கேட்டா எழுந்து போயிடுவே." அவள் விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கு நீ எழுந்து போகலை."

இடது காது மடிந்திருந்தது. உண்மைதான். அவள் மட்டும் பார்த்தது. ஒருவரிடமும் சொல்லாதது. அவளுக்குள்ளேயே புதைத்துவைத்த அந்தக் காதை யாரோ எடுத்து, அவள் கொடுத்திருக்கவேண்டியவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அது நானில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை.

அன்று படுக்கையில் சிட்டுவைக் கட்டிக்கொண்டு, காதருகே கேட்டாள். "நான் இல்லாதப்ப யாருடா வர்றாங்க?"

"அந்த அம்மா."

"அது நான் இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. நீ பின்னினா வலிக்கும்."

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லக்கூடாதுன்னு நீதான் சொன்னியாம்." சிட்டு கொட்டாவி விட்டாள். "அவங்க நல்லவங்கதாம்மா. தம்பியைக் கூட்டிட்டு வருவாங்களாம். என் நிழலை மட்டும் குடுத்தா போதுமாம். எனக்கு எதுக்கும்மா அது, சும்மாதானே தரையில கிடக்குது."

தம்பி. அவளுக்குக் கதையின் மிச்சம் தெரியும். தனக்கென்று ஒரு பிள்ளை வந்த பிறகு மூத்ததைச் சாயா என்ன செய்தாள் என்பதைப் பக்கம் பக்கமாக வரைந்துவைத்திருந்தவள் அவள்.

"குடுக்கக்கூடாது. யாரு கேட்டாலும். நானே கேட்டாலும்."

"நீ கேட்டாலுமா?"

"நான் கேட்டாலும்."

சிட்டு இருட்டில் புரண்டு அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப அப்பா மறுபடியும் அழுவாரே" என்றாள்.

மறுநாள் அவள் வெளியே காலடி வைக்கவில்லை. சிட்டுவையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. சேர்ந்து படம் வரைந்தார்கள், போர்வையைக் கட்டிக் கூடாரம் போட்டார்கள், தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். தலை பின்னிவிட்டாள். சிட்டு ஆவென்று கத்தி, பிறகு சிரித்து, அவள் மடியிலேயே சாய்ந்துகொண்டாள். இதைத்தான் நிழலிடம் விட்டுவிட்டுப் போயிருந்தோமா என்று நினைத்தபடி சீப்பில் சிக்கிய முடியை எடுத்தாள். வீட்டுக்கு வேறு யாரும் வரவில்லை. அவள் உள்ளே இருக்கும்வரை வர இடமில்லை என்று தோன்றியது.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடையில் நோயாளி சொல்வதைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டார்.

"ராத்திரியெல்லாம் தூங்கறியா நீ?"

"காதைப் பத்திச் சொன்னது நான் இல்லைங்க."

அவர் முகம் சுருங்கியது. "அப்படிச் சொல்லாதே. அதை மட்டும் திருப்பி எடுத்துக்காதே."

"ஒண்ணே ஒண்ணு பாருங்க, போதும். வெளிய வாங்க. வெயில்ல என் பக்கத்துல நில்லுங்க. உங்களுக்கு இருக்கும், எனக்கு இருக்காது."

"சரி, வரேன். செருப்பைப் போட்டுக்கறேன்."

அவசரம். தன்னை நிரூபித்துவிடும் அவசரம். அவள் முன்னால் இறங்கி, கேட்டைத் திறந்து, சாலை ஓரத்தில் மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும் இடத்தில் போய் நின்றாள். எதிர்வீட்டு மரத்தின் நிழல் தெருவின் நீளத்துக்குக் கிடந்தது. கேட்டின் கம்பிகள் கோடுகோடாகக் கிடந்தன. அவளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. இதோ பாருங்க என்று சொல்லத் திரும்பினாள்.

வாசலில் அவர் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி நின்றிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

அவர் உள்ளே திரும்பினார். "நீதானே வெளிய வான்னே?"

"நான் எங்க சொன்னேன்? வாங்க, தேநீர் ஆறுது."

"நல்லா இருக்கே உன் விளையாட்டு" என்று சிரித்தார். செருப்பைக் கழற்றினார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் ஓடினாள். மணியை அழுத்தினாள். சத்தமில்லை. உள்ளங்கையால் கதவை அடித்தாள். கதவில் பஞ்சு மோதுவதுபோல இருந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தெருவில் சைக்கிளில் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜன்னல்.

கண்ணாடியில் முகத்தைப் பதித்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. அவர் சமையலறைப் பக்கம் போயிருந்தார். அறை நடுவில் சிட்டு நின்றிருந்தாள். எதிரில் முழங்காலிட்டிருந்தவளின் முதுகு தெரிந்தது. அவளுடைய முதுகு. அவளுடைய கொண்டை. குரல் கேட்கவில்லை. சிட்டு தலையாட்டினாள், வேண்டாமென்று. மறுபடி ஏதோ கேட்கப்பட்டது. சிட்டு சமையலறைப் பக்கம் பார்த்தாள், அப்பா இருந்த பக்கம். உதட்டைக் கடித்தாள்.

வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

சிட்டு மெதுவாகத் தலையசைத்தாள், சரியென்று.

முழங்காலிட்டிருந்தவள் குனிந்தாள். தரையில் கிடந்த சிட்டுவின் நிழலை, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல, கழுத்துக்கு அடியில் ஒரு கையும் கால்களுக்கு அடியில் ஒரு கையுமாகக் கொடுத்துத் தூக்கினாள். அது ஒரு கணம் துணிபோலத் தொங்கியது. பிறகு கால்களை மடக்கி, அவள் தோளைக் கட்டிக்கொண்டது.

சமையலறையிலிருந்து கணவர் வந்தார். பார்த்தார். கையிலிருந்த கோப்பை நழுவி விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளையும் நீட்டினார். அந்த முகத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. தோளில் இருந்ததன் இடது காதை அவர் ஒரு விரலால் தொட்டார். அழுதார், சிரித்தார், அழுதார்.

சிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனியவில்லை. அப்பா என்று வாய் அசைந்தது. மறுபடி இழுத்தாள். அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தாண்டி நடந்தார்.

கதையில் சஞ்ஞாவைத் தேடிக்கொண்டு கணவன் வருகிறான். தேடுவதற்கு, அவள் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

சிட்டு ஜன்னலுக்கு ஓடிவந்தாள். அவளுக்கு மட்டும் அம்மா தெரிந்தாள். கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்தாள். இந்தப் பக்கம் இவளும் வைத்தாள். கண்ணாடி குளிரவும் இல்லை, சுடவும் இல்லை. சிட்டுவின் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

சிட்டுவுக்குப் பின்னால் கணவர் வந்து நின்றார், தெருவில் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தார். மகளின் தலைக்கு மேலாக, மனைவியின் முகத்துக்கு ஊடாகப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை இழுத்து மூடினார்.

வெளிர் நிறத் திரை. உள்ளே விளக்கு. திரையில் அவருடைய நிழல் விழுந்தது, பெரிதாக. சிட்டு அதே இடத்தில்தான் நின்றிருந்தாள், திரை அவள் கைகளின் அசைவில் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே அவளுடைய நிழல் இல்லை.

அவருடைய நிழலின் தோளில், மெல்ல, சின்னதாக ஒரு தலை எழுந்தது. தெருப் பக்கம் திரும்பியது. ஒரு குட்டிக் கையைத் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி, அவளுக்கு டாட்டா காட்டியது.